மெஷினிடம் மன்னிப்பு

சரோஜம்: யாருகிட்ட மாப்பு கேக்கணும்? இன்னொரு தடவ சொல்லு.

ஷிபு: மெஷின்கிட்ட.

சரோஜம்: மெஷின்கிட்ட...

ஷிபு: ஆமா சேச்சி. முன்னாடி நின்னு, கை கூப்பி. எல்லாரும் இருக்கும்போது. சுந்தரராமன் சார் சொன்னது அப்படியேதான். நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லல்ல.

சரோஜம்: கேட்டியா கௌசல்யா? அலுமினியத் தகட்ட மடிச்சு ரேடியேட்டருக்கு ட்யூப் ஆக்குற இரும்பு. அதுகிட்ட நான் கை கூப்பணுமாம்.

கௌசல்யா: கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். எடுத்த சோறு வாய்க்குப் போவல. ஏன் ஷிபு, இத வந்து சொல்லுததுக்கு ஒனக்கு வேற நேரம் கெடைக்கலயா? மனுஷி இப்பதான் சோத்துப் பாத்திரத்தத் தொறந்தா.

ஷிபு: சாப்பாடு முடிஞ்ச உடனே எல்லாரும் ட்யூப் மில்லுக்கு முன்னாடி வரணும்னு சொல்லியாச்சு. பூஜை செய்ய போத்தி வந்தாச்சு. விளக்குக்குத் திரி போட்டுட்டு இருக்காரு. முன்கூட்டிச் சொல்லாம இருந்தா அதுக்கும் என்னத்தான திட்டுவீங்க?

கௌசல்யா: இப்பவும் ஒன்னத்தான் திட்டப் போறோம். உக்காரு.

ஷிபு: உக்கார நேரமில்ல...

சரோஜம்: உக்காருடா மக்கா. நான் என்ன செஞ்சேன்னு மாப்பு? அத முதல்ல சொல்லு.

ஷிபு: சேச்சிக்கு அறியாதா?

சரோஜம்: அறியும். உனக்க வாயால கேக்கணும். சூப்பர்வைசர் சொன்னா எப்படி இருக்குன்னு பாக்கேன்.

ஷிபு: அது... ஆயுத பூஜைக்கு மெஷின நிறுத்துற பூஜைவைப்பு அன்னைக்கு சாயங்காலம் சார் மில்லோட எல்லா ரோலுக்கும் குங்குமம் வச்சாரு. பின்னே எல்லாரும் வீட்டுக்குப் போயாச்சு. கடைசியா மில்ல விட்டுப் போனது சேச்சி.

சரோஜம்: நான்தான் போனேன். மில்லு ஓட்டுறவதான கடைசியாப் போவா.

ஷிபு: இப்பம் கழட்டிப் பாத்தா, எல்லா ரோல் ஓரத்துலயும் செவப்பு ஒட்டியிருக்கு. கடைசி ரோல்ல மட்டும் இல்ல. கண்ணாடி மாதிரி கெடக்கு. யாரோ ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிருக்காங்க.

கௌசல்யா: தொடச்சா என்ன? நல்லதுதான?

ஷிபு: தொடைக்கும்போது எதையோ வச்சு இடிச்சிருக்காங்க. அதுலதான் ட்யூப்ல குழி விழுந்துச்சுன்னு சார்...

கௌசல்யா: இடிச்சிருந்தா ரோல்ல அடி இருக்கணும்லா? இருக்கா?

ஷிபு: ரோல்ல ஒண்ணும் இல்ல.

கௌசல்யா: ரோல்ல ஒண்ணும் இல்ல. ட்யூப்ல மட்டும் குழி. அது எப்படி?

ஷிபு: அதத்தான் சாரும் யோசிச்சாரு. யோசிச்சு... தெய்வக் குத்தம்னு சொல்லிட்டாரு.

சரோஜம்: ஆகா!

கௌசல்யா: தெய்வத்துக்கு வேற சோலி இல்ல பாரு. நம்ம ட்யூப்புல வந்து விரல வச்சு அமுக்கிட்டு இருக்கு.

ஷிபு: சிரிக்காதீங்க கௌசல்யா சேச்சி. ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்திருக்கு. வேன் கம்பெனிக்காரன், மொதலாளின்னு கூடப் பாக்காம, சார வாயில வந்த மாதிரி பேசியிருக்கான். சாரோட முகத்தப் பாத்தா பாவமா இருக்கு.

கௌசல்யா: லாட் மோசம்னு மொதல்ல சொன்னது யாரு? இந்தக் கௌசல்யாதான? ரேடியேட்டரத் தண்ணித் தொட்டியில முக்கிக் காத்து விட்டா, பொளுபொளுன்னு குமிழி. நான் கத்துனேன். ஒருத்தராவது கேட்டியளா? நீ என்ன சொன்ன?

ஷிபு: இப்பம் அத எதுக்கு...

கௌசல்யா: சொல்லு.

ஷிபு: தொட்டித் தண்ணி சரியில்லன்னு சொன்னேன்.

கௌசல்யா: தண்ணி சரியில்லன்னு சொன்ன! ட்யூப்ப எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினேன். ஒன்றரைச் சாணுக்கு ஒரு குழி. சின்னதா, வட்டமா. குழி நடுவுல விழுந்த ட்யூப் தப்பிச்சுது. நுனியில விழுந்தது ஓரத் தகட்டு ஓட்டையில சரியா ஒட்டாம ஒழுகுது. இவ்வளவும் சொன்னேன். நீ போயித் தொட்டித் தண்ணிய மாத்துன.

ஷிபு: தப்புதான். போதுமா?

சரோஜம்: அவன விடு. ஷிபு, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நான் குங்குமத்தத் தொடச்சேன்னே வச்சுக்கோ. எதுக்குத் தொடச்சேனாம்?

ஷிபு: அது எனக்கு எப்படித் தெரியும்?

சரோஜம்: உனக்குத் தெரியும். சார் உங்கிட்ட சொல்லியிருக்காரு. உனக்க முழியே சொல்லுது.

ஷிபு: சேச்சி, விடுங்களேன்...

சரோஜம்: எதுக்கு?

ஷிபு: சேச்சி வேறே ஆளு அல்லே... அதான்.

சரோஜம்: வேறே ஆளுன்னா?

ஷிபு: சர்ச்சுக்குப் போறவங்க.

கௌசல்யா: தூ! இதச் சொல்ல ஒனக்கு நாக்கு கூசலயா?

ஷிபு: நான் சொல்லல்ல! சார் சொன்னது! சேச்சி கேட்டாங்க, சொன்னேன்!

சரோஜம்: இரு கௌசல்யா. நான் பேசுகேன். ஷிபு, இந்த ஷெட்டுல நீ வாறதுக்கு முன்னாடி இருந்து எனக்கு வேல. ஒவ்வொரு பூஜைவைப்புக்கும் இந்தத் தரையக் கழுவினது யாரு?

ஷிபு: சேச்சிதான்.

சரோஜம்: தோரணம் கெட்டுறதுக்கு ஸ்டூல் பிடிச்சது?

ஷிபு: சேச்சி.

சரோஜம்: அவலும் பொரியும் வாழை எலையில பொதிஞ்சு குடுப்பீங்களே, நான் ஒரு வருஷம் வேண்டாம்னு சொல்லியிருக்கனா?

ஷிபு: இல்ல.

சரோஜம்: அந்தப் பொதிய நான் என்ன செய்வேன்னு தெரியுமா உனக்கு? வீட்டுக்குக் கொண்டு போகப்படாது. எனக்க வீட்டுக்காரரு சபைக் கமிட்டியில இருக்காரு. படைச்சதக் கொண்டு வந்தியான்னு முகம் கறுப்பாரு. வாங்காம விட்டா நீங்க முகம் கறுப்பீங்க. அதனால பாறசாலை எறங்குறதுக்குள்ள ட்ரெயின்லயே இருந்து, கூட வாறவளுக்குப் பாதி குடுத்து, மீதிய நான் தின்னு தீப்பேன். எலையக் கூட ஜன்னல் வழியா வீசிட்டுத்தான் எறங்குவேன். ரெண்டு பக்கத்துலயும் ஒருத்தர் மனசும் நோவப்படாதுன்னு இப்படி நடந்தவ நான். நானா குங்குமத்த அழிச்சு மாச்சேன்?

கௌசல்யா: கேளு நல்லா. கேட்டுட்டுப் போயி அப்படியே சொல்லு.

சரோஜம்: ட்யூப் கெட்டுப் போச்சுன்னு திட்டினா வாங்கிக்கிடுவேன். கவனக்குறைவுன்னு சொன்னா தலையக் குனிஞ்சுக்கிடுவேன். மெஷின் ஓட்டுறவளுக்கு அது உள்ளதுதான். ஆனா அடுத்தவன் கும்பிடுறத நான் அவமானப்படுத்தினேன்னு சொன்னா... அத நான் ஒத்துக்கிடணுமா? ஒத்துக்கிட்டு, அதுக்கு ஒரு கும்பிடும் போடணுமா?

ஷிபு: ஒரு நிமிஷக் காரியம் சேச்சி. கைய இப்படி வச்சாப் போதும். மனசுக்குள்ள உங்க கர்த்தர நெனச்சுக்கிடுங்க. யாருக்குத் தெரியப் போகுது?

சரோஜம்: கர்த்தருக்குத் தெரியும்டா.

கௌசல்யா: கைய வைக்கலன்னா என்ன செய்வாராம்?

ஷிபு: நாளையில இருந்து பேக்கிங். மில்லு இனிமே இல்ல.

சரோஜம்: பேக்கிங்...

ஷிபு: அதான் நான் சொல்லுகேன், கைய ஒண்ணு கூப்பிக்கிட்டு...

சரோஜம்: இந்த மில்லுல நிக்க நான் என்ன பாடு பட்டேன்னு தெரியுமாடா? பொம்பளைக்கு எதுக்கு மில்லு, பெட்டியில அட்ட வச்சுக் கெட்டட்டும்னு சொன்னானுவ. ரோல் செட்டிங் செய்யும்போது சுத்தி நின்னு சிரிச்சானுவ. தகடு கோணலாப் போய்ச் சுருண்டா கை தட்டினானுவ. அத்தனையும் பாத்துட்டு இந்த மெஷின நான் எனக்குப் பழக்கி எடுத்திருக்கேன். மூடி கழட்டாம, சத்தத்த வச்சே எந்த ரோல் எறங்கியிருக்குன்னு சொல்லுவேன். என்னப் போயி அட்டப் பெட்டி கெட்டச் சொல்லுகானா?

ஷிபு: ஃபோன்... சார்தான். ஹலோ சார்... ஆமா சார், சொல்லிட்டேன்... இல்ல சார், பிரச்சினை ஒண்ணும்... கேக்கல்ல சார், இங்க சத்தம்... வெளியே வந்து பேசுகேன் சார்...

கௌசல்யா: போயிட்டான். பாம்பக் கண்ட மாதிரி ஓடுதான்.

சரோஜம்: அவன் என்ன செய்வான், பாவம். அவனுக்கும் ஒரு வேல வேணுமே... நீ தின்னு. சோறு ஆறுது.

கௌசல்யா: யக்கா.

சரோஜம்: என்ன?

கௌசல்யா: நீங்க மாப்பு கேக்காண்டாம்.

சரோஜம்: கேக்க மாட்டேன்.

கௌசல்யா: பேக்கிங்குக்கும் போவாண்டாம்.

சரோஜம்: அது நம்ம கையிலயா இருக்கு?

கௌசல்யா: என் கையில இருக்கு. இந்தா பாருங்க... இந்தப் பாத்திர மூடியில.

சரோஜம்: என்னது இது? ஊறுகாத் தோலா?

கௌசல்யா: நல்லாப் பாருங்க. பொட்டு. ஒட்டுப் பொட்டு. நசுங்கி, எண்ணெயும் தண்ணியும் ஊறி இப்படி ஆயிருக்கு.

சரோஜம்: இது உனக்கு எங்க இருந்து கெடச்சுது?

கௌசல்யா: குமிழி வந்த மொத ரேடியேட்டர்ல, ஒரு ட்யூப்போட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. எடுத்து அந்தக் குழியில வச்சுப் பாத்தேன். அச்சு அசலாப் பொருந்துதுக்கா. ரோல்ல ஒட்டிக்கிட்டு சுத்தியிருக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு குழி. பொறவு பிஞ்சு வந்திருக்கு. அதான் ரோல்ல அடியே இல்ல.

சரோஜம்: யாருகிட்டயாவது காட்டினியா?

கௌசல்யா: இல்ல.

சரோஜம்: நல்லதாப் போச்சு. தூரப் போடு.

கௌசல்யா: என்னது?

சரோஜம்: அந்த ஓடையில போடுன்னு சொன்னேன். இங்க தா, நான் போடுகேன்.

கௌசல்யா: தர மாட்டேன். யக்கா, இது இருந்தா நீங்க தப்பிச்சீய! நீங்க பொட்டு வைக்க மாட்டீய. இந்த ஷெட்டுக்கே தெரியும். பொட்டுனால வந்த குழின்னா, ஒங்க மேல ஒருத்தன் வாய் வைக்க முடியாது.

சரோஜம்: பின்ன யாருமேல வாய் வைப்பான்? அத யோசிச்சியா?

கௌசல்யா: யோசிச்சேன். ஒரு வாரமா அதத்தான யோசிக்கேன். உறக்கமே இல்ல... யக்கா, இது என் பொட்டு.

சரோஜம்: உளறாத.

கௌசல்யா: சத்தியமா. பூஜைவைப்பு அன்னைக்கு எல்லாரும் தொட்டுக் கும்பிட்டாவல்லா? நான் நெத்திய முட்டிக் கும்பிட்டேன். அந்தக் கடைசி ரோல்லதான். மவளுக்கு நர்சிங்குல எடம் கெடைக்கணும்னு கண்ண மூடி நின்னேன். ஆரியசாலை வீட்டுக்கு பஸ்ல போறப்ப நெத்தியத் தொட்டுப் பாத்தா வெறும் நெத்தி. வேர்வையில விழுந்திருக்கும்னு நெனச்சேன். மெரூன் கலர். இதே சைசு.

சரோஜம்: மெரூன் பொட்டு உலகத்துல உனக்கு மட்டுமா இருக்கு?

கௌசல்யா: வேற யாரு நெத்தி முட்டினா? நான்தான். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்கல. ஒங்களுக்காக ஷிபுகிட்ட அந்தக் கத்து கத்துனேம்லா? அது பூராவும் பயம்க்கா. என் மேல யாரும் சந்தேகப்படக் கூடாதுன்னு கத்துனது.

சரோஜம்: உனக்கு என்னமும் கிறுக்கா? நீ கான்ட்ராக்ட். இத நீ சொன்னா, சாரு ஒரு வார்த்த கான்ட்ராக்டர்கிட்ட சொன்னாப் போதும். சாயங்காலம் கேட்டுக்கு வெளியே நிப்ப.

கௌசல்யா: நிக்கேன்.

சரோஜம்: மவளுக்க படிப்பு?

கௌசல்யா: சாலை மார்க்கெட்டுல மூட்டை தூக்குற அவளுக்க அப்பன் இருக்காம்லா. பாத்துக்கிடுவான்.

சரோஜம்: அவன் பாத்துக்கிட்டான்! அவன் கதைய எனக்குச் சொல்லாத. கௌசல்யா, நான் சொல்றதக் கேளு. நான் பேக்கிங்குக்குப் போகேன். அட்டப் பெட்டி கெட்டினா கை தேஞ்சா போகும்?

கௌசல்யா: இப்பதான மெஷின எப்படிப் பழக்கினேன்னு சொல்லிக் கண்ணத் தொடச்சீய?

சரோஜம்: அது... கோவத்துல சொல்றது. வேணும்னா மாப்பும் கேக்கேன். ஷிபு சொன்ன மாதிரி கைய இப்படி வச்சிட்டுப் போறேன். ஒரு நிமிஷக் காரியம்.

கௌசல்யா: மாப்பு கேப்பீயளா? நீங்களா?

சரோஜம்: கேட்டா என்ன?

கௌசல்யா: இவ்வளவு நேரம் குதிச்சது யாரு? கும்பிடுறத அவமானப்படுத்தினேன்னு சொன்னா ஒத்துக்கிட மாட்டேன்னு சொன்னது யாரு? இப்ப எனக்காகப் போயி அந்த இரும்பு முன்னாடி கையக் கூப்பப் போறீயளா? கூப்பி நின்னு, ஆமா நான்தான் மாச்சேன்னு சொல்லப் போறீயளா? எனக்கு வேண்டாம் அந்தத் தருமம்! என்னை என்னன்னு நெனச்சீய?

சரோஜம்: பைய பேசு...

கௌசல்யா: பைய பேச மாட்டேன். நெத்தி முட்டிக் கும்பிட்டது நான். பொட்டு விழுந்ததுக்கு நான் வேலைய விட்டுப் போறேன். கும்பிட்டது தப்புன்னா அதச் சார் என் முகத்தப் பாத்துச் சொல்லட்டு. குங்குமம் வைக்கிறவரு அவரு, அதத் தொட்டுக் கும்பிட்டவ நான், ஆனா கும்பிடாத ஒங்கள மாப்பு கேக்கச் சொல்லுதாரு! என்ன நியாயம் இது?

சரோஜம்: நியாயத்த வச்சு என்ன செய்ய... நீ உக்காரு.

ஷிபு: சேச்சி, மணி அடிச்சாச்சு. எல்லாரும் வந்து நிக்காங்க. சார் விளக்க ஏத்திட்டாரு. வாங்க, என்ன தீருமானம்?

கௌசல்யா: ஷிபு, நில்லு. அவுக வர மாட்டாவ. நான் வாரேன்.

சரோஜம்: கௌசல்யா!

ஷிபு: நீங்க எதுக்கு?

கௌசல்யா: குழிக்குக் காரணம் நான். இந்தா, பொட்டு. நெத்தி முட்டிக் கும்பிட்டேன், ரோல்ல ஒட்டிக்கிடுச்சு. ட்யூப்போட வந்தத எடுத்து ஒளிச்சு வச்சிருந்தேன்.

ஷிபு: என்ன சேச்சி சொல்லுறீங்க... ஒரு வாரமா இதக் கையில வச்சுக்கிட்டா இருந்தீங்க? நான் சாருக்கும் இவங்களுக்கும் நடுவுல கெடந்து மிதி படுகேன். நீங்க என்னத் திட்டிட்டு இருந்தீங்க!

கௌசல்யா: திட்டினேன். இப்ப நீ திட்டு.

ஷிபு: சார்கிட்ட இத எப்படிப் போய்ச் சொல்ல? அவரு இருக்கிற கோவத்துல இன்னைக்கே உங்கள... அய்யோ, எனக்குத் தல சுத்துது. இருங்க, இருங்க. நீங்க கும்பிட்ட பின்னே சரோஜம் சேச்சி ரோலுக்கெல்லாம் எண்ணெய் போட்டிருப்பாங்கள்லா?

கௌசல்யா: போட்டிருப்பாவ. அதுக்கென்ன?

ஷிபு: எண்ணெய் போட்டா ஒட்டுப் பொட்டு எப்படி நிக்கும்? வழுக்கி விழுந்திராதா?

கௌசல்யா: நின்னிருக்கே. கையில வச்சிருக்கேம்லா.

ஷிபு: அதான் எப்படின்னு கேக்கேன்.

சரோஜம்: நிக்காது.

கௌசல்யா: யக்கா, நீங்க சும்மா இருங்க.

சரோஜம்: எண்ணெய் மேல பொட்டு நிக்காது கௌசல்யா. ஸ்பிரிட் போட்டுத் தொடச்சு ஒட்டினாத்தான் நிக்கும்.

ஷிபு: சேச்சி...?

கௌசல்யா: என்னக்கா சொல்லுதீய?

சரோஜம்: உனக்க நெத்தியில இருந்து விழுந்தது பஸ்லயோ ரோட்டுலயோ கெடக்கும். இது பாத்ரூம் கண்ணாடியில நீங்க பொம்பளைங்க ஒட்டி வச்சிட்டுப் போற பொட்டு. அதுல ஒண்ணப் பிச்சு எடுத்தது நான்தான். அன்னைக்கு எல்லாரும் போன பின்னே, கடல் காத்துல துருப் பிடிக்குமேன்னு எண்ணெய் போட்டேன். கடைசி ரோல்ல கூடிப் போச்சு. சாரு வச்ச குங்குமம் ஒழுகிக் கீழே போச்சு. மத்த எல்லாத்துலயும் செவப்பா இருக்கு, அது மட்டும் மொட்டையா நிக்குது. காலையில வந்து பாத்தா என்ன சொல்லுவீங்க? அந்த வேதக்காரி மாச்சுப் போட்டான்னு சொல்லுவீங்க. அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து தொடச்சேன், ஒட்டினேன். ஓரத்துலதான் வைக்கணும்னு அந்தப் பதட்டத்துல எனக்குத் தோணல்ல. பொறந்ததுல இருந்து ஒரு பொட்டத் தொட்டவ இல்ல நான். நெத்தியில நடுவுலதான வைக்காங்கன்னு தகடு போற எடத்துலயே வச்சேன். ஓட்டுறதுக்கு முன்னாடி எடுத்துரலாம்னு இருந்தேன். பூஜை எடுத்த காலையில, விளக்குக் காட்டின கையோட சாரே பட்டன அமுக்கிட்டாரு. அத்தன பேரு முன்னாடி, நில்லுங்க சார், பொட்டு இருக்குன்னு எப்படிச் சொல்லுவேன்? எனக்க வீட்டுக்காரரு காதுக்குப் போனா என்ன ஆகும்? ஷிபு, நீ போயி சார்கிட்ட சொல்லு. குங்குமத்த மாச்சதுக்கு நான் மாப்பு கேக்க மாட்டேன், ஏன்னா நான் மாய்க்கல்ல. பொட்டு வச்சதுக்கு மாப்பு கேக்கணும்னா, அது இந்த மெஷின்கிட்ட இல்ல. ஞாயித்துக்கிழமை எனக்க சர்ச்சுல.